மூத்த மகிழுந்துகளுக்கு ஒரு சங்கம்

அந்தமான் தீவுகளில் கடற்காற்று இரும்பை எளிதில் விட்டுவைப்பதில்லை. சென்னையிலிருந்து கப்பலில் வந்திறங்கும் புதிய மகிழுந்தின் அடிப்பகுதியிலும் சில ஆண்டுகளில் துரு ஏறிவிடுகிறது. அவ்வாறிருக்க, நூறு ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட மகிழுந்துகள் சில இன்றும் சாலையில் ஓடுகின்றன. நாள்தோறும் துடைத்துப் போற்றும் உரிமையாளர் ஒருவர் இருந்தால் மட்டும் இது நிகழ்ந்துவிடாது. கிடைக்காத உறுப்புகளைத் தேடித்தரவும், பழுது நீக்கும் முறையைச் சொல்லித்தரவும், வண்டியின் வயதை உறுதிசெய்யவும் பலர் ஒன்றுகூட வேண்டும். அவ்வாறு கூடியவர்களின் சங்கங்களுள் மிகப் பழையவற்றுள் ஒன்று இங்கிலாந்தில் 1930ஆம் ஆண்டு தோன்றியது.

அதன் கதை ஒரு சட்டத்தில் தொடங்குகிறது. 1865ஆம் ஆண்டின் சட்டப்படி, இயந்திர வண்டிகள் ஊருக்கு வெளியே மணிக்கு 4 மைல், ஊருக்குள் 2 மைல் வேகத்தைத் தாண்டக் கூடாது. வண்டிக்கு முன்னால் ஒருவர் சிவப்புக் கொடி ஏந்தி நடந்து செல்லவும் வேண்டும். ஓடுகிற சிறுவன் ஒருவனே அவ்வண்டியை முந்திவிடுவான்! கொடி பின்னர்க் கைவிடப்பட்டது. ஆனால், முன்னே நடப்பவர் நீங்கவில்லை. 1896ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் அவரையும் நீக்கி, வேக வரம்பை 14 மைலாக உயர்த்தியது. அன்று மகிழுந்து உரிமையாளர்கள் சிவப்புக் கொடி ஒன்றைக் கிழித்தெறிந்துவிட்டு, இலண்டனிலிருந்து கடற்கரை நகராகிய பிரைட்டனுக்கு வண்டிகளைச் செலுத்தினர்.

முப்பது ஆண்டுகள் கடந்தன. புதிய மகிழுந்துகள் வந்தபின் முற்கால வண்டிகள் கொட்டகைகளின் மூலையில் ஒதுங்கின; பல பழைய இரும்பாக எடைக்குப் போயின. 1927ஆம் ஆண்டு 'டெய்லி ஸ்கெட்ச்' என்னும் நாளிதழ், பழைய வண்டிகளைத் தேடிப்பிடித்து அதே பிரைட்டன் பயணத்தை மீண்டும் நடத்தியது. மக்கள் அதனைக் 'கிழட்டு வண்டிகளின் ஓட்டம்' என்று கேலியாக அழைத்தனர். கேலிக்கு வந்தவர்களும் வியந்தனர் என்றே கொள்ள வேண்டும். ஏனெனில், பயணம் அடுத்தடுத்த ஆண்டுகளிலும் தொடர்ந்தது.

1930ஆம் ஆண்டுப் பயணத்தின்போது, பிரைட்டனில் கூடிய ஆர்வலர்கள் சங்கம் ஒன்றை நிறுவினர். அவர்களுள் ஒருவர் சாமி டேவிஸ் என்னும் இதழாளர். பிரான்சு நாட்டின் புகழ்பெற்ற இலமான் 24 மணிநேரப் பந்தயத்தில் 1927ஆம் ஆண்டு பென்ட்லி மகிழுந்தை ஓட்டி, கூட்டாளியுடன் வென்றவர் அவர். விரைவின் உச்சத்தைக் கண்ட ஒருவரே மெல்ல ஊரும் வண்டிகளைக் காக்க முன்வந்தது எண்ணத்தக்கது. சங்கத்தினர் தம் வண்டிகளைக் குறிக்க 'வெட்டரன்' என்னும் சொல்லைத் தேர்ந்தனர். நெடுங்காலம் பணியாற்றிய மூத்தவர் என்பது அதன் பொருள். கிழட்டு வண்டியை எடைக்குப் போடலாம். மூத்தோரைப் போட மனம் வருமோ?

பெயர் சூட்டியதைவிட வயது காண்பது கடினமாயிற்று. 1904 டிசம்பர் இறுதிக்குள் செய்யப்பட்ட வண்டிகளுக்கே பிரைட்டன் பயணத்தில் இடம் என வரையறுத்தனர். ஆனால், பிரிட்டனில் வண்டிகளுக்குப் பதிவெண் வழங்கும் முறையே 1904இல்தான் தொடங்கியது. ஆகவே, அதற்கு முற்பட்ட வண்டிக்குப் பிறப்புச் சான்று போன்ற அரசு ஏடு எதுவும் இல்லை. உரிமையாளரின் சொல்லை மட்டும் நம்பவும் இயலாது. ஒரு வண்டியின் சட்டத்தில் மற்றொன்றின் இயந்திரம் பொருத்தப்பட்டிருக்கலாம். எனவே, இயந்திரத்தில் பொறித்த எண்கள், தயாரிப்பாளரின் பழைய விலைப்பட்டியல்கள், நிழற்படங்கள் முதலியவற்றை ஒப்பிட்டு ஆண்டினைத் தீர்மானித்துச் சான்றிதழ் வழங்கும் பணியைச் சங்கம் மேற்கொண்டது. கல்வெட்டின் காலத்தை எழுத்தின் வடிவம் கொண்டு கணிக்கும் அறிஞர் பணியை இது ஒத்தது.

1934ஆம் ஆண்டு 'வின்டேஜ்' மகிழுந்துகளுக்கெனத் தனிச் சங்கம் பிறந்தது. தொடக்கத்தில் ஐந்து ஆண்டுப் பழமையே அதற்குப் போதுமானதாயிருந்தது! பின்னர் 1930 இறுதி எனும் எல்லை நிலைபெற்றது. அடுத்து வந்த இரண்டாம் உலகப்போர் பிரைட்டன் பயணத்தை நிறுத்தியது. 1946இல் மீண்டும் ஓடிய வண்டிகள், பெட்ரோல் பங்கீட்டால் 1947இல் ஓடவில்லை. 1953இல் வெளிவந்த 'ஜெனிவீவ்' திரைப்படம் இப்பயணத்தை உலகறியச் செய்தது.

இந்தியாவில் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழ் 1964ஆம் ஆண்டு தில்லியில் பழைய மகிழுந்துப் பேரணியைத் தொடங்கியது. இங்கும் முதற்குரல் நாளிதழுடையதே. கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடுவின் பெயரோடு இணைந்த மகிழுந்து அருங்காட்சியகம் 2015இல் திறக்கப்பட்டது. கோடை விடுமுறையில் தமிழகம் செல்லும் மாணவர் அதனைக் காணலாம். 2021ஆம் ஆண்டின் நடுவண் அரசு விதிகள், 50 ஆண்டுகளைக் கடந்த, பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிகளுக்கு 'விஏ' என்னும் எழுத்துகள் கொண்ட தனிப் பதிவெண்ணை அளிக்கின்றன. ஆனால், அவ்வண்டியில் நாள்தோறும் அலுவலகம் செல்ல இயலாது. கண்காட்சி, பேரணி, பழுதுநீக்கம், எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கே அது சாலைக்கு வரலாம்.

அருஞ்சொற்பொருள்
பேரணி – பலர் அணியாகச் செல்லுதல்
பங்கீடு – அளவாகப் பகிர்ந்து வழங்குதல்
நடுவண் அரசு – மத்திய அரசு

பயிற்சி
1. பழைய மகிழுந்தின் வயதைக் காண்பது ஏன் கடினமாயிற்று?
2. 'கிழட்டு வண்டி', 'மூத்த வண்டி' – இவ்விரு தொடர்களும் கேட்போர் மனத்தில் எழுப்பும் எண்ணங்கள் எவ்வாறு வேறுபடுகின்றன?
3. உம் வீட்டிலுள்ள மிகப் பழைய பொருள் ஒன்றின் வயதைப் பெரியோரிடம் கேட்டறிந்து, அதற்கான சான்றுகளுடன் ஐந்து தொடர்களில் எழுதுக.