எதிர்க்காற்றில் இருபது தோணி

உபதேசியார் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும், இந்த முத்துக்குளித்துறைக் கரையிலேயே கிழவனாகிப்போன ஒருவன் சொல்வது.

1. மனம் சலித்துவிட்டதென்றால் அழைத்தலே போய்விட்டதாக எண்ணிக்கொள்ளாதீர்கள். புனித பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் இங்கே வந்தார். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்ததையும், மந்திரம் சொல்லிச் சொல்லிக் குரல் போனதையும் அவரே எழுதியிருக்கிறார். அதைப் பிரசங்கத்தில் பலமுறை கேட்டிருப்பீர்கள். கேட்டிராதது ஒன்று உண்டு. 1544-இல், போர்த்துக்கீசியர் செய்த அட்டூழியங்களைக் கேட்டு மனம் வெறுத்து, துன்புறுத்த ஆளில்லாத அபிசீனியா பக்கம் போய்விடலாம் போலிருக்கிறது என்று துணையாளர் மன்சீலியாசுக்கு எழுதினார். புனிதருக்கே ஓடிப்போகத் தோன்றியிருக்கிறது. எழுதிவிட்டு மறுபடி மணப்பாடு, புன்னைக்காயல், திருச்செந்தூர் என்று மணலில் நடந்தார்.

2. எதிர்ப்பு வெளியாரிடமிருந்துதான் வரும் என்று இருந்துவிடாதீர்கள். நம்மை அதிகம் நோகடிப்பவர் பெரும்பாலும் முதல் வரிசையில் நின்று பூசை காண்பவர்தான். அன்றைக்குத் தூத்துக்குடியில் இருந்த போர்த்துக்கீசியக் கப்பித்தான் கோஸ்மி தெ பைவா ஞானஸ்நானம் பெற்றவர். இந்தக் கரையின் பரதவர்களிடம் கொள்ளையடித்தவரும் அவர்தான். 1544 செப்டம்பரில் வடுகர் என்னும் தெலுங்கர் படை வந்தபோது அவருடைய வீடும் கலமும் எரிந்தன, தீவுகளுக்கு ஓடினார். செய்தி கிடைத்ததும் சவேரியார், புன்னைக்காயல் ஆட்களோடு தோணிகளில் தண்ணீர் கொண்டுபோய் உதவும்படி மன்சீலியாசை அனுப்பினார். அதோடு விட்டுவிடவும் இல்லை. அந்த ஆண்டு முடிவதற்குள், கரையில் அடித்த கொள்ளைக்கு மனச்சாட்சிப்படி கணக்குத் தீர்க்கும்படி பைவாவிடம் சொல்ல மன்சீலியாசுக்கு எழுதினார். இரண்டும் வேண்டும். உங்கள்மேல் மொட்டைக் கடிதம் போட்டவருடைய வள்ளம் நடுக்கடலில் நின்றுபோனால் முதல் ஆளாகப் போய் நில்லுங்கள்; அவர் நீட்டும் பொய்க் கணக்கில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

3. செய்தது வீணாய்ப் போகும் நாளும் உண்டு. அதே ஆண்டு ஜூனில், வடுகருக்குப் பயந்து குமரி முனைப் பாறைகளில் சோறும் தண்ணீரும் இல்லாமல் கிடந்த சனங்களுக்காக மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகள் கிளம்பின. எதிர்க்காற்று. துடுப்பு போட்டும் முடியவில்லை, கயிறு கட்டி இழுத்தும் முடியவில்லை. திரும்பி வந்தார்கள். சவேரியார் பிறகு கரைவழியே நடந்து போனார்.

4. சனங்களின் பேச்சைக் கற்றுக்கொள்ளுங்கள். சவேரியாரின் இயேசு சபையைச் சேர்ந்த அண்டிரிக் அடிகளார் 1547-இல் இந்தக் கரைக்கு வந்தார். நோயாளி. தமிழ் படித்து, இலக்கணம் எழுதி, 1578-இல் கொல்லத்தில் தன் ‘தம்பிரான் வணக்கம்’ நூலை அச்சில் பார்ப்பதற்குள் முப்பது வருஷம் ஓடிவிட்டது. 1600-இல் சாகும்வரை இங்கேயே கிடந்தார். ஆறு மாதத்தில் ‘ரிசல்ட்’ கேட்கும் இளைஞர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

5. நேரத்துக்குச் சாப்பிடுங்கள், தூங்குங்கள். பட்டினி கிடந்து கோபப்படுவது தபசு இல்லை.

6. விட்டுப் போனவர்களைப் பற்றி வாய் திறக்காதீர்கள். சவேரியார் மொலுக்காவுக்குப் போகச் சொன்னபோது மன்சீலியாஸ் போகவில்லை, இயேசு சபையிலிருந்து நீக்கப்பட்டார். ஆனால் நான் மேலே சொன்ன சவேரியார் கதைகளில் பெரும்பாலானவை தெரிவது, அவருக்கு வந்த கடிதங்கள் பிழைத்துக் கிடப்பதால்தான்.

7. மாற்றல் கேட்கும் கடிதத்தைத் தடைக்காலத்தில் எழுதாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. கையில் காசில்லை, வேலையில்லை. ஆம்பளைகள் முழுநேரமும் கரையில். கோவில் கணக்கு, கொடியேற்றத்துக்கு யார் முன்னே நிற்பது, எல்லாச் சண்டையும் அப்போதுதான் கிளம்பும். படகு போய் முதல் பாடு மீன் ஏலம் போகட்டும், அதன்பிறகு யோசியுங்கள். அப்போதும் எழுதத்தான் வேண்டுமென்றால் நேரே ஆயருக்கு எழுதுங்கள். பங்கில் ஒருத்தரிடம் சொன்னால் போதும், ஐஸ் வண்டிக்காரர் வரை தெரிந்துவிடும்.