மறுபடி நர்ஸ் வேலைக்குப் போகிறீர்களா? பத்துக் குறிப்புகள்

அம்மாபேட்டையில் தறிச் சத்தத்துக்கு நடுவே, நர்சிங் சான்றிதழைப் பீரோவில் பூட்டி வைத்திருக்கும் தோழிகள் எனக்குப் பலர் உண்டு. கல்யாணம், குழந்தை, மாமியாருக்கு உடம்பு முடியவில்லை என்று வேலையை விட்டவர்கள். நானும் அப்படி விட்டு, 11 வருஷம் கழித்து வார்டுக்குத் திரும்பியவள். மறந்துபோன வேலை பத்து நாளில் கைக்கு வந்துவிடும். மறக்காமல் கையில் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய முறைகளில்தான் கவனம் வேண்டும்.

1. முதலில் பதிவைப் பாருங்கள். சென்னை சாந்தோமில் உள்ள தமிழ்நாடு நர்சுகள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலில் உங்கள் பதிவு நடப்பில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். இந்திய நர்சிங் கவுன்சில் நெறிப்படி 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்கு 150 மணி நேரத் தொடர்கல்வியும் தேவை. வேலை தேடுவதற்கு முன்பே இதைத் தொடங்கினால்தான் நேரம் சரியாக இருக்கும்.

2. இனிஷியலைச் சரிபாருங்கள். சான்றிதழில் அப்பா இனிஷியல், ஆதாரில் கணவர் இனிஷியல் என்றிருந்தால் சரிபார்ப்பில் சிக்கும். எல்லா ஆவணங்களிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கும்படி முன்கூட்டியே திருத்திக்கொள்ளுங்கள். ஒரிஜினல் சான்றிதழ்களை யாரிடமும் விட்டு வராதீர்கள். ஜெராக்ஸ் கொடுத்தால் போதும்.

3. ஊசியை மறுபடி மூடாதீர்கள். நான் திரும்பிய முதல் வாரம், ஊசி போட்ட கையோடு பழைய பழக்கத்தில் மூடியை எடுத்துவிட்டேன். "அக்கா, மூடாதீங்க!" என்று பக்கத்தில் நின்ற சின்னப் பெண் கையைப் பிடித்தாள். ஊசி அப்படியே வெள்ளை டப்பாவுக்குப் போக வேண்டும். ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சளில், ட்ரிப் செட்டும் கிளவுஸும் சிவப்பில், கண்ணாடி பாட்டில் நீலத்தில். 2016 விதிகளின் இந்த நான்கு நிறங்களையும் மனப்பாடம் செய்யுங்கள்.

4. இன்சுலின் சிரிஞ்சின் மூடியைப் பாருங்கள். சிவப்பு மூடி 40 யூனிட் மருந்துக்கு, ஆரஞ்சு மூடி 100 யூனிட் மருந்துக்கு. 100 யூனிட் பாட்டிலில் இருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 கோடு இழுத்தால், உள்ளே போவது 25 யூனிட். பாட்டிலையும் சிரிஞ்சையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படித்த பிறகே மருந்தை இழுங்கள்.

5. நெஞ்சை அழுத்துவதைப் பயிலுங்கள். மூச்சுப் பாதை, மூச்சு, பிறகு நெஞ்சு என்று படித்த வரிசை 2010-லேயே மாறிவிட்டது. பெரியவர்களுக்கு இப்போது நெஞ்சுதான் முதலில்: நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ.க்குக் குறையாமல், 6-ஐத் தாண்டாமல். 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. கெட்டியான தலையணையைத் தரையில் போட்டு இரண்டு நிமிடம் நிறுத்தாமல் செய்து பாருங்கள். தோள் வலிக்கும், அந்த வலி வீட்டிலேயே பழகட்டும்.

6. ட்ரிப் கணக்கைத் தினம் ஒன்று போடுங்கள். ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் செட்டில் 500 மில்லி 4 மணி நேரத்தில் ஏற வேண்டுமென்றால், நிமிடத்துக்குச் சுமார் 42 சொட்டு. மைக்ரோ செட்டில் 60 சொட்டு ஒரு மில்லி என்பதால், மணிக்கு எத்தனை மில்லியோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு.

7. அக்கம்பக்கத்தில் பிரஷர் பாருங்கள். பக்கத்து வீட்டுப் பாட்டியைத் தறியில் இருந்து எழுந்து வந்தவுடனே பார்க்காதீர்கள். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார வையுங்கள், பேச்சு வேண்டாம், பட்டை வெறும் கையில், கை நெஞ்சு உயரத்தில். காதும் கையும் பழகும், பாட்டிக்கும் நல்லது.

8. உங்களுக்கும் தடுப்பூசி உண்டு. மஞ்சள் காமாலை பி ஊசி மூன்று தவணை: இன்று, ஒரு மாதம், ஆறாம் மாதம். குழந்தைகள் அட்டவணையையும் புதிதாகப் படியுங்கள். தமிழ்நாட்டில் பென்டாவேலன்ட் 2011 டிசம்பரிலும், தட்டம்மை-ரூபெல்லா ஊசி 2017-லும் வந்தவை.

9. வீட்டோடு முன்பே பேசுங்கள். நைட் டியூட்டி முடிந்து வரும் காலையில் யார் டிபன் செய்வது, பிள்ளையை யார் பள்ளியில் விடுவது என்று தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பகலில் தூங்கும் அறைக்குக் கெட்டியான திரை, காதுக்குப் பஞ்சு. சேருவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே காலையும் மாலையும் ஷூ போட்டு மொட்டை மாடியில் நடங்கள், கால் தாங்கும்.

10. இன்டர்வியூவில் "வீட்டில் சும்மா இருந்தேன்" என்று சொல்லாதீர்கள். படுத்த படுக்கையான மாமியாரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைத்துப் புண் வராமல் காத்தது நர்சிங்தான்; அப்படியே சொல்லுங்கள். ஐ.சி.யூ. வேண்டாம், முதல் மாதம் பொது வார்டு தாருங்கள் என்று கேட்பதிலும் தப்பில்லை. அரசு வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிப்பையும், மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தின் ஒப்பந்தப் பணி அறிவிப்பையும் பாருங்கள். வயது வரம்பை முதலில் படியுங்கள்.

வார்டில் உங்கள் மகள் வயதுப் பெண் சீனியராக இருப்பாள். தெரியாததை அவளிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். அன்று என் கையைப் பிடித்த பெண்ணிடம்தான் நான் வேலையை மறுபடி கற்றேன். விடிய விடிய அழும் கிழவியின் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பதை அவள் என்னிடம் கற்றாள்.