மழைக்காலத்தில் வாத்து முட்டைகளைச் சுத்தமாக வைத்துக்கொள்ளுதல்

காவிரிப் பாசனப் பிரதேசங்களில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அடைமழை பிடித்துக்கொண்டால், கொல்லைப்புறங்களில் வளர்க்கப்படும் வாத்துகளின் முட்டைகள் சேறு பூசப்பட்டே கைக்கு வருகின்றன. அவற்றைக் குளத்து நீரிலோ தொட்டி நீரிலோ அலம்பிக் கூடையில் அடுக்கிவிடுவது பலருடைய வழக்கம். பார்வைக்கு அவை வெண்மையாகத் தோன்றினும், மற்ற முட்டைகளைக் காட்டிலும் சீக்கிரம் கெடுபவை அவையே. அடைக்கு வைத்த பத்து முட்டைகளில் ஒன்று மூன்றாம் வாரத்தில் அழுகி வெடித்து, அதன் நீர் பட்டு மற்றவையும் பாழாகும்போது, அடைக்கோழியைக் குறை கூறுவோர் அநேகர். கோழியின்மேல் யாதொரு குற்றமும் இல்லை.

முட்டை ஓட்டில் கண்ணுக்குப் புலப்படாத ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உள. இயற்கையாக அமைந்த மெல்லிய பூச்சு ஒன்று அத்துளைகளை மூடிக் காக்கிறது. வாத்தின் உடற்சூடு சுமார் 42 டிகிரி சென்டிகிரேடு. அச்சூட்டோடு வெளிவரும் முட்டை, குளிர்ந்த தரையில் விழுந்தவுடன் ஆறத் தொடங்குகிறது. உள்ளிருக்கும் பொருள் சுருங்குகிறது. சுருங்கிய இடத்தை நிரப்ப வெளிக்காற்று துளைகளின் வழியே உள்ளே இழுக்கப்படுகிறது. முட்டையின் அகன்ற முனையில் காணப்படும் காற்றறை இவ்வாறே உண்டாவது. அவ்வேளையில் ஓட்டின்மேல் ஈரச்சேறும் எச்சமும் ஒட்டியிருந்தால், காற்றோடு கிருமிகளும் புகுந்துவிடுகின்றன. எனவே, அழுக்கான முட்டையைச் சுத்தம் செய்வதைவிட, முட்டையில் அழுக்குப் படாமல் தடுப்பதே மேல்.

கொல்லை சேறாவதற்கு மழையை மட்டும் காரணமாகக் கூறுவது சரியன்று. கொட்டகைக்குள் வைக்கப்படும் தண்ணீர்ப் பாத்திரமே பாதிச் சேற்றுக்குக் காரணம். வாத்து நீரைக் குடிப்பதோடு நில்லாமல், அலகைத் துழாவி நாற்புறமும் இறைக்கும் சுபாவமுடையது. ஆகையால் பாத்திரத்தைக் கொட்டகைக்கு வெளியே, தாழ்வான பக்கத்தில், செங்கல் ஜல்லி பரப்பிய இடத்தில் வைத்து, வழியும் நீர் வாழைக்கோ தென்னைக்கோ போகும்படி வாய்க்கால் எடுத்துவிட வேண்டும். தலை முழுவதும் அமிழும் ஆழம் பாத்திரத்திற்கு இருந்தால் போதும். இரவில் உள்ளே நீர் வைக்காதபோது தீனியும் வைக்கலாகாது. நீரின்றி உலர்ந்த தீனியைத் தின்னும் வாத்துக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

இரவுக் கொட்டகையின் தரையைக் கொல்லை மட்டத்திலிருந்து ஓர் அடி உயர்த்தி மெத்திக் கெட்டிப்படுத்துவது அவசியம். வாத்து ஒன்றுக்கு உள்ளே 3 சதுர அடியும், வெளியே 10 முதல் 15 சதுர அடியும் இடம் வேண்டும். இருபது வாத்துகளுக்குப் பத்தடி நீளமும் ஆறடி அகலமும் உள்ள கொட்டகை போதுமானது. வாசலுக்கு முன் நாலைந்து அடி தூரத்திற்குக் கூழாங்கல் பரப்பினால், பறவைகளின் காற்சேறு பெரும்பாலும் அங்கேயே உதிர்ந்துவிடும். இச்சிறு வேலையை வீண் என்று எண்ணுவோர், கொட்டகையினுள் நாள்தோறும் வைக்கோல் மாற்றும் வேலையைச் செய்ய நேரிடுகிறது.

தரையில் உமியையோ நறுக்கிய வைக்கோலையோ நான்கு அங்குலக் கனத்துக்குப் பரப்பி, ஈரமான பகுதியை அன்றாடம் அகற்ற வேண்டும். பூசணம் பிடித்த வைக்கோலை மலிவென்று உபயோகித்தல் கூடாது. அது வாத்துகளின் சுவாசப்பைகளைத் தாக்கி உயிருக்கே ஆபத்தாகும்.

பெரும்பாலான வாத்துகள் விடியற்காலத்திலிருந்து ஒன்பது மணிக்குள் முட்டையிட்டு விடுகின்றன. அதுவரை அவற்றைக் கொட்டகையிலேயே அடைத்து வைத்தால், குளத்திலும் வயலிலும் முட்டை தவறுவது நீங்கும். சுவரோரமாக, வெளிச்சம் குறைந்த மூலையில், 12 அங்குல அகலமும் 12 அங்குல உயரமும் 18 அங்குல ஆழமும் உள்ள பெட்டிகளை மூன்று வாத்துகளுக்கு ஒன்று வீதம் தரைமட்டத்திலேயே வைக்கலாம். உயரத்தில் வைத்தால் வாத்து ஏறாது. மரத்தால் செய்த போலி முட்டையொன்றை உள்ளே இட்டு வைப்பது அவற்றைப் பழக்க உதவும். விடிந்தவுடன் ஒருமுறையும், வாத்துகளைத் திறந்து விடுமுன் மறுமுறையும் முட்டைகளைச் சேகரித்தல் நலம்.

சிறிது அழுக்குள்ள முட்டையை உலரவிட்டு, தேங்காய் நாரால் மெல்லத் தட்டித் துடைத்தால் போதும். சாம்பல் வைத்துத் தேய்ப்பது மேற்பூச்சையும் எடுத்துவிடும். மிகுந்த அழுக்குள்ளதைக் கழுவியே தீரவேண்டுமானால், கை பொறுக்கும் 40 முதல் 45 டிகிரி வரை சூடுள்ள நீரில் ஒவ்வொன்றாகக் கழுவி உடனே துடைத்து உலர்த்த வேண்டும்; ஊறப்போடலாகாது. முட்டையைவிடக் குளிர்ந்த நீர், முன் சொன்னவாறே, அழுக்கை உள்ளே இழுக்கச் செய்யும். கழுவியவற்றை அன்றன்றே சமையலுக்கு உபயோகித்துவிட வேண்டும்.

சமையலிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. வாத்து முட்டையில் சால்மொனெல்லா என்னும் கிருமி இருத்தல் கூடும். நோயுற்ற வாத்தின் வயிற்றிலிருந்தே அது முட்டைக்குள் வருவதும் உண்டாதலால், ஓடு சுத்தமாயிருப்பது மட்டும் போதாது. வெண்கருவும் மஞ்சட்கருவும் கெட்டியாகும்வரை வேகவைத்தே உண்ண வேண்டும். குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியோர் ஆகியோருக்கு அரைவேக்காட்டு முட்டையைக் கொடுத்தல் தகாது.

பல கொல்லைகளின் வடிநீர் ஒரே வாய்க்காலில் சேரும் கிராமங்களில், தனியொருவர் செய்யும் சீர்திருத்தம் அடுத்த வீட்டு நீரால் கெட்டுவிடும். ஐப்பசிக்கு முன்பே அவ்வாய்க்காலின் அடைப்புகளை நீக்குவதில் கிராம அதிகாரிகள் கவனம் செலுத்தினால் வாத்துகளுக்கு மட்டுமன்றி மாட்டுத் தொழுவங்களுக்கும் நன்மை உண்டு.

அடைக்கு வைப்பதற்குக் கழுவாத சுத்தமான முட்டைகளையே, இட்ட ஏழு நாட்களுக்குள் எடுக்க வேண்டும். காக்கி காம்பெல் போன்ற முட்டை வாத்துகள் அடையில் அமர்வது அரிதாகையால் நாட்டுக்கோழியே இதற்கு உதவுகிறது. கோழி முட்டைக்கு 21 நாட்கள். வாத்து முட்டைக்கோ 28 நாட்கள். அந்த ஒரு வாரச் சூடு கிருமிகள் பெருகுவதற்கும் கூடுதல் அவகாசமாகிறது. ஏழாம் நாள் இரவில் விளக்கொளியில் பிடித்துப் பார்த்து, கருக்கூடாதவற்றை விலக்கவும். மீண்டும் பதினெட்டாம் நாள் அளவில் சோதித்து, நாற்றமுடையவற்றையும் கசிவுள்ளவற்றையும் உடையாமல் எடுத்துக் கொல்லைக்கு அப்பால் புதைத்து, கையைச் சோப்பிட்டுக் கழுவிய பின்னரே மற்ற முட்டைகளைத் தொட வேண்டும்.