கார்த்திகை வருமானத்தில் ஒரு வீடு

கள்ளக்குறிச்சியில் சங்கராபுரம் சாலைப் பக்கம் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். சித்திரை, வைகாசியில் கிணறு வற்றும், கரண்டு ஏறி இறங்கும், மோட்டார்கள் வரிசையாகப் புகையும். கரும்புக்காரரும் மரவள்ளிக்காரரும் ராத்திரி பத்து மணிக்குக்கூட வாசலில் வந்து நிற்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் வேலைக்கு இருக்கும் பையனுக்குச் சம்பளம் கொடுப்பதே பெரும்பாடு. வருசத்துக்கு இரண்டு முகம் உள்ள இந்தத் தொழிலை வைத்துக்கொண்டுதான் 2018-ல் வீடு கட்ட இறங்கினேன்.

நாலு சென்ட் மனை ஏற்கெனவே இருந்தது. கையில் ஒன்பது லட்சம். அதில் பாதி, மனைவியின் நகையை விற்றது. பன்னிரண்டு சதுரத்துக்கு பிளான் போட்டோம். இரண்டு படுக்கையறை, பெரிய ஹால், பூஜை அறை, கார் இல்லாவிட்டாலும் கார் நிறுத்த இடம். மேஸ்திரி அப்போது சதுரத்துக்கு ஒரு லட்சத்து எழுபதாயிரம் என்றார். மொத்தம் இருபது லட்சத்துச் சொச்சம். வங்கியில் மூன்று வருச வருமான வரிக் கணக்கைப் பார்த்து, மாதச் சராசரி இருபத்தைந்தாயிரம் என்று எடுத்துக்கொண்டு, பன்னிரண்டு லட்சம் தரலாம் என்றார்கள். 9 சதவீத வட்டி, 20 வருசம், மாதத் தவணை ஏறக்குறைய 10,800 ரூபாய். எனக்கும் சரியாகத்தான் பட்டது.

முதல் அடி மண்ணில் விழுந்தது. எங்கள் மனை கரிசல் களி. நனைந்தால் உப்பும், காய்ந்தால் பிளக்கும். அதன் மேல் சாதாரணக் கடைக்கால் போட்டால் மூன்றாம் வருசமே சுவரில் விரிசல் ஓடும். கெட்டி மண் தட்டுகிற வரைக்கும் குழி போக வேண்டும், தூண் எழுப்ப வேண்டும், பீம் போட வேண்டும், களியை அள்ளிவிட்டுக் கிராவல் நிரப்ப வேண்டும். சதுரக் கணக்கில் மேஸ்திரி சொன்னது செம்மண் பூமிக்கான கணக்கு. கடைக்காலும் பேஸ்மெண்ட்டும் மூன்று லட்சத்தில் முடியும் என்று வைத்திருந்தேன். ஐந்து லட்சம் மண்ணுக்குள் போனது.

பிளான் வரைவதற்கு முன்பே மனையில் ஓர் ஆள் ஆழத்துக்குக் குழி எடுத்துப் பார்த்திருந்தால், அன்றைக்கே எட்டு சதுரத்துக்கு வரைந்திருப்பேன். இரண்டு ஆள் கூலியோடு முடிகிற வேலை அது. அதைச் செய்யாததற்கு இன்றும் வருந்துகிறேன்.

ஆவணியில் பேஸ்மெண்ட் முடிந்து நின்றது. மழை வந்தது. அந்தக் கார்த்திகையில் பையன் சம்பளம், கடை வாடகை எல்லாம் போக என் கையில் நின்றது பதினோராயிரம். ராத்திரி உட்கார்ந்து பழைய நோட்டுகளைப் புரட்டினேன். முந்தின இரண்டு கார்த்திகையிலும் அதே கதை. வைகாசியில் நாற்பத்தைந்தாயிரம், கார்த்திகையில் பதினோராயிரம். வங்கிக்காரர் பார்த்தது இரண்டையும் கலந்த சராசரி. தவணை கட்டப்போவது மாதாமாதம். பதினோராயிரத்தில் 10,800 கட்டிவிட்டு என்ன சாப்பிடுவது?

"என்னங்க, வெயில் மாசத்துப் பணத்தை எடுத்து வச்சுக் கட்டிடலாமே?" என்றாள் மனைவி. கணக்கில் சரி. ஆனால் அந்தப் பணத்தில்தான் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், காயில் கம்பி முதல், வீட்டுக்கு வருகிற வைத்தியச் செலவு எல்லாம். ஏற்கெனவே பங்கு போட்ட பணத்தை இன்னொரு தடவை பங்கு போட முடியாது.

அந்த வாரமே கல்வராயன்மலையில் ஒரு வேலை வந்தது. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஒட்டி வெள்ளிமலைக்கு ஏறுகிற பாதை எனக்குப் பழக்கம். அன்றைக்கு மட்டும் வழியில் நின்ற வீடுகளையே பார்த்துக்கொண்டு போனேன். லிண்டல் மட்டத்தில் நின்றவை, கம்பி துருப்பிடித்து வானத்தைப் பார்த்தவை, பேஸ்மெண்ட்டில் எருக்கஞ்செடி முளைத்தவை. அத்தனையும் யாரோ ஒரு குடும்பத்தின் மொத்தச் சேமிப்பு.

நான் மோட்டார் பார்க்கப் போன இடத்து விவசாயி அரசின் பசுமை வீடு கட்டி முடித்திருந்தார். 2011-ல் தொடங்கிய திட்டம் அது. 300 சதுர அடி. பக்கத்து வீட்டுக்காரர் அதே பணத்தோடு கடனும் வாங்கி அறுநூறு அடிக்கு இழுத்து, கூரை போட முடியாமல் நின்றிருந்தார். இவர் ஏன் பெரிதாகக் கட்டவில்லை என்று கேட்டேன்.

"மலை ஏறினதும் மணலு விலையே வேற சார். ரோட்டுல இறக்கிட்டுப் போயிடுவான், அங்கிருந்து டிராக்டரு, அப்புறம் தலச்சுமை. பெருசா கட்டிட்டுக் கடன அடைக்க கேரளாவுக்கு மொளகு பறிக்கப் போவணும். நாங்க அங்க கெடந்தா இங்க வூட்டுல யாரு இருக்கிறது?"

கீழே இறங்கும்போது எனக்கு முடிவு வந்துவிட்டது. மறுநாள் இன்ஜினியரிடம் போய், போட்ட தூண்களை வைத்தே ஏழரைச் சதுரத்துக்கு வரைந்து தரச் சொன்னேன். வங்கியில் பன்னிரண்டு லட்சத்தை ஆறாகக் குறைத்துக்கொண்டேன். 15 வருசத்துக்குத் தவணை 6,086 ரூபாய். வட்டியாகப் போவது ஐந்து லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. பன்னிரண்டு லட்சத்தை 20 வருசம் கட்டியிருந்தால் வட்டி மட்டும் கிட்டத்தட்ட பதினான்கு லட்சம் ஆகியிருக்கும்.

சொந்தக்காரர்கள் பேசினார்கள். கட்டின பேஸ்மெண்ட்டை வெறுமனே விடுவது அபசகுனம் என்றார் ஒருவர். நகையை விற்றும் சின்ன வீடா என்று என் மாமியார் கண்கலங்கினார். அது எனக்கு வலித்தது. ஆனால் வீட்டின் அளவைக் கேட்டவர்கள் யாரும் கார்த்திகை மாசத்துத் தவணையைப் பற்றிக் கேட்கவில்லை.

எஸ்டிமேட்டில் எழுதாத செலவும் வந்தது. போர், செப்டிக் டேங்க், மின் இணைப்பு, கட்டி முடிக்கிற வரைக்கும் வாடகை, கட்டும்போதே ஓடுகிற வட்டி, புதுமனை புகுவிழாச் சாப்பாடு. ஒன்றரை லட்சம் இதிலேயே போயிற்று. அதனால் படுக்கையறையில் டைல்ஸ் ஒட்டவில்லை, சிமெண்ட் தரையோடு குடிபோனோம். சமையல்கட்டு அலமாரிக்குக் கதவு இல்லை, சுற்றுச்சுவர் இல்லை. கூரை, கம்பி, பூச்சு, தண்ணீர்க் குழாய் இவற்றில் மட்டும் ஒரு ரூபாய் குறைக்கவில்லை. டைல்ஸை இரண்டு வருசம் கழித்து ஒட்டிக்கொள்ளலாம். கூரையைப் பிரித்து மறுபடி போட முடியாது.

2019 ஆவணியில் குடிபோனோம். அந்த நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. அலுவலகம் வரும், வாடகை ஏறும் என்று எங்கள் தெருவில் இரண்டு பேர் கடன் வாங்கி மாடி எடுத்தார்கள். எனக்கும் ஆசை வந்தது. அடுத்த மார்ச் 25-ம் தேதி நாடு முழுக்க ஊரடங்கு. எனக்குச் சம்பாத்தியம் தருகிற சித்திரையும் வைகாசியும் பூட்டிய பட்டறையோடு போயின. திறக்க விட்ட பிறகும் செம்புக் கம்பி வரவில்லை. கடன் வாங்குவதற்கு முன்பே ஆறு தவணைக்கான 36,500 ரூபாயை மனைவி தனிக் கணக்கில் போட்டு வைத்திருந்தாள். அதிலிருந்து கட்டினோம். ரிசர்வ் வங்கி அந்த மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிப்போட அனுமதித்தது. தள்ளிப்போட்டவர்களுக்கு அந்த மாதங்களின் வட்டி அசலோடு சேர்ந்தது. வேறு வழி இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை.

2025 செப்டம்பரில் சிமெண்டுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தபோது, வீடு கட்டத் தயாராக இருந்த என் மச்சான் இன்னோர் அறை கூட்டலாமா என்று கேட்டான். பத்துச் சதுரத்துக்கு ஏறக்குறைய 400 மூட்டை பிடிக்கும். மூட்டைக்கு முப்பது ரூபாய் குறைந்தாலும் மொத்தம் பன்னிரண்டாயிரம்தான். ஓர் அறைக்கு அது எந்த மூலைக்கு? அவனிடம் மூன்று வருச நோட்டைக் கேட்டேன். ஒவ்வொரு வருசத்திலும் ஆகக் குறைந்த மாதத்தை வட்டமிட்டோம். அந்த மாதத்தில் சாப்பாடும் பள்ளிச் செலவும் போக மிஞ்சுவதுதான் தவணை, அந்தத் தவணைக்குக் கிடைப்பதுதான் கடன், கடனையும் கைப்பணத்தையும் கூட்டி அதில் ஆறில் ஒரு பங்கை எஸ்டிமேட்டில் வராத செலவுக்கு ஒதுக்கிவிட்டு வருவதுதான் வீடு. பதினொன்று கேட்டவனுக்கு ஆறே முக்கால் சதுரம் வந்தது. மூன்று நாள் என்னோடு பேசவில்லை. பிறகு ஆறே முக்காலுக்கே கட்டினான்.

இப்போது கலைஞர் கனவு இல்லத்தில் மூன்றரை லட்சம் கிடைக்கிறது, 360 சதுர அடிக்கு. மலையில் இதைக் கட்டுகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, முதலில் அந்த 360 அடியைக் கூரை வரைக்கும் முடித்துக் குடிபோய்விடுங்கள். கூடுதல் அறைக்குச் சேர்த்து இப்போதே கடைக்கால் தோண்டாதீர்கள்.

ஏற்கெனவே பேஸ்மெண்ட்டில் நின்றுபோன வீடு உங்களுடையதாக இருந்தால், நூற்றுக்கு இரண்டு, மூன்று வட்டிக்கு வாங்கி மொத்தத்தையும் எழுப்பப் பார்க்காதீர்கள். போட்டதில் பாதிக்குக் கூரை போட முடியுமா என்று ஓர் இன்ஜினியரிடம் கேளுங்கள். எங்கள் வீட்டுக் கிழக்குப் பக்கம் நாலரைச் சதுர பேஸ்மெண்ட் இன்னும் வெறுமனே கிடக்கிறது. என் கடன் 2034-ல் முடிகிறது. அதற்குப் பிறகுதான் அதன் மேல் ஒரு செங்கல் வைப்பேன்.