பிரெய்ரி நாய் மாட்டுக்குப் பகையா?

நம்பிக்கை: பிரெய்ரி நாய்கள் புல்லைத் தின்று தீர்த்து மாடுகளைப் பட்டினி போடுகின்றன.

உண்மை: அமெரிக்காவின் நடுப்பகுதிப் புல்வெளிகளில் வளை தோண்டிக் கூட்டமாக வாழும் இந்த அணில் குடும்பத்து விலங்கின் மீது நூறாண்டுக்கும் மேலாக இந்தப் பழி இருக்கிறது. 256 பிரெய்ரி நாய்கள் ஒரு மாட்டின் தீனியைத் தின்றுவிடும் என்று அரசு விலங்கியலாளர் சி. ஹார்ட் மெரியம் 1901-இல் கணக்குப் போட்டார். அதன்பின் அரசே முன்னின்று பல பத்தாண்டுகள் நஞ்சு வைத்தது. அவை தின்னும் ஒவ்வொரு புல்லும் மாட்டின் வாய்க்குப் போகவேண்டியது என்று அந்தக் கணக்கு எடுத்துக்கொண்டது. ஆனால் மாடு தொடாத செடிகளையும் அவை தின்கின்றன. எதிரி வருவது தெரியவேண்டும் என்பதற்காகவே உயரமான செடிகளை வெட்டிப் போட்டுவிடுகின்றன. திரும்பத் திரும்பக் கடிபட்ட புல் இளந்தளிராகத் துளிர்ப்பதால் அதில் புரதம் கூடுகிறது. ஆகவே தீவனத்தின் அளவு குறைந்தாலும் தரம் உயர்கிறது.

அப்படியானால் இழப்பே இல்லையா? இருக்கிறது. 1982-இல் வெளியான ஒக்லஹோமா ஆய்வில், பிரெய்ரி நாய் இருந்த நிலத்திலும் இல்லாத நிலத்திலும் மேய்ந்த இளங்காளைகளின் எடையில் புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்க வேறுபாடு தென்படவில்லை. ஆனால் 2006-இல் வெளியான கொலராடோ ஆய்வு, மேய்ச்சல் நிலத்தின் 20 சதவீதத்தில் அவை குடியேறியிருந்தால் எடை கூடுவது ஏறத்தாழ 5.5 சதவீதமும், 60 சதவீதத்தில் குடியேறியிருந்தால் சுமார் 14 சதவீதமும் குறைந்ததாகக் காட்டியது. சிறு பண்ணைக்காரருக்கு அதுவும் பெரிய அடிதான். ஆயினும் நிலத்தில் பாதிக்கு மேல் போனபோதும் வருமானத்தில் பாதி போகவில்லை என்பதே இங்கே கவனிக்கவேண்டியது.

நம்பிக்கை: எலிபோலப் பெருகும், கொல்லாவிட்டால் நிலம் முழுவதையும் பிடித்துக்கொள்ளும்.

உண்மை: தெற்கு டகோட்டாவின் விண்ட் கேவ் தேசியப் பூங்காவில் உயிரியலாளர் ஜான் ஹூக்லேண்ட் அடையாளமிட்ட பிரெய்ரி நாய்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். பெண் விலங்கு ஆண்டுக்கு ஒரே நாளில், அதுவும் சில மணி நேரமே, இணையத் தயாராகிறது. ஆண்டுக்கு ஒரே ஈற்றுதான். பால்குடிக் குட்டிகள் பலவற்றைச் சொந்தக் கூட்டத்துப் பெண்களே கொன்றுவிடுகின்றன. 1900 வாக்கில் கப்பல் வழியாக வந்து சேர்ந்த பிளேக் நோய் தாக்கினால் ஒரு குடியிருப்பில் 90 சதவீதத்துக்கும் மேல் மடியும். பிறகு ஏன் வறட்சிக் காலத்தில் அவை பரவுவதாகப் பண்ணைக்காரர்கள் சொல்கிறார்கள்? அவர்கள் கண்டது பொய்யன்று. மழை பொய்த்து, மாடுகளும் ஒட்ட மேய்ந்துவிட்ட குட்டைப் புல்தான் அவற்றுக்கு வசதியான இடம். உயர்ந்த புல் கண்ணை மறைப்பதால் அங்கே எளிதில் குடியேறுவதில்லை. மிகை மேய்ச்சல் வாசலைத் திறந்துவிட்டபின் பழி முழுவதையும் விலங்கின் தலையில் போடுவது முறையாகாது.

பிளேக் மனிதருக்கும் தொற்றுமே என்று கேட்கலாம். தொற்றும்; ஆனால் அமெரிக்கா முழுவதிலும் ஆண்டுக்குச் சராசரியாக ஏழு பேருக்கே அது வருகிறது. வேடிக்கை பார்க்கப் போவோர் தள்ளி நின்று பார்ப்பதும், தீனி போடாதிருப்பதும், செத்துக் கிடப்பதைத் தொடாதிருப்பதும் நல்ல காவல். ஒட்டுமொத்த அழிப்புக்கோ விலை அதிகம்: பெரும்பாலும் பிரெய்ரி நாயையே தின்று வாழும் கருங்கால் ஃபெரட் என்னும் சிறு ஊனுண்ணி 1987-இல் வெறும் 18 ஆகக் குறைந்தது. வேலியோரத்தில் உயரப் புல்லை விட்டுவைப்பது, மேய்ச்சலை மாற்றி மாற்றி நடத்துவது, இழப்பை அளந்து ஈடு கொடுப்பது ஆகியவை நியாயமான வழிகள். இனத்தையே பூண்டோடு ஒழிப்பதற்கு இந்தச் சான்றுகளில் இடமில்லை.