விறகின் காய்ச்சல்

கள்ளிக்குப்பத்தில், செங்குன்றம் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, ஒரு சிறு விறகுத் தொட்டியை நடத்திவரும் எனக்கு இத்தொழில் கற்பித்த விஷயங்கள் பல. ஆயினும் அவற்றில் பெரும்பாலானவை காய்ச்சல் என்னும் ஒரே சொல்லில் வந்து அடங்கிவிடுகின்றன. எரிவாயு பரவிய பிறகு வீட்டு அடுப்புக்கென்று விறகு வாங்குவோர் அநேகமாக மறைந்துபோக, இன்று என் வாசலுக்கு வருகிறவர்கள் கல்யாணச் சமையற்காரர்களும், பிரியாணி மாஸ்டர்களும், டீக்கடைக்காரர்களும், மயானக் காரியத்துக்கு வாங்குவோருமே. நெருப்பையே ஜீவனமாகக் கொண்ட இவர்களிடம் ஈரக் கட்டை செல்லுபடியாகாது என்பதை நான் சொந்த நஷ்டத்தில்தான் அறிந்தேன்.

2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது, வீட்டு வளாகங்களிலும் தோட்டங்களிலும் சாய்ந்த மரங்களை மலிவாகக் கிடைக்கிறதே என்ற ஆசையில் லாரி லாரியாக வாங்கிப் போட்டேன். தூங்குமூஞ்சி, மயிற்கொன்றை, மா என்று வந்தவை யாவும் பச்சை மரங்கள். ஒரு மாங்கட்டையை அறுக்கையில் மிஷினின் சங்கிலி கிரீச்சென்று அலறி நின்றது. பிளந்து பார்த்தால், எந்தக் காலத்திலோ துணி உலர்த்தக் கட்டிய இரும்புக் கம்பி மரத்துக்குள்ளேயே புதைந்து, அதைச் சுற்றிலும் கட்டை நீலங்கலந்த கறுப்பாகக் கறுத்திருந்தது. சங்கிலியின் பற்கள் பாதிக்குமேல் போயின. அன்றுமுதல், வீட்டு மரமென்றால் பட்டையைத் தட்டித் தடவி, கறை படிந்த இடத்தை விலக்கி அறுப்பதே வழக்கமாயிற்று.

அது சிறு நஷ்டம்; பெரிய நஷ்டம் பின்னால் வந்தது. ஒரு மாதமே உலர்ந்த அந்த விறகை அவசரத்துக்கு ஒரு பிரியாணி மாஸ்டருக்கு ஏற்றிவிட, மறுநாள் காலையில் அவரே கண் சிவக்க வந்து நின்றார். "அண்ணே, கட்டை அழுவுது. தம்முக்கு இது ஆவாது" என்றார். அவருடன் போய்ப் பார்த்தேன். அடுப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கட்டையின் முனையில் நீர் நுரைத்துக் கசிந்து சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே சுவாலைக்குப் பதில் புகை. நெருப்பு தன் சக்தியை அந்த நீரை ஆவியாக்கவே செலவிடும்போது அண்டாவுக்கு என்ன மிஞ்சும்? பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

எடை போட்டு விற்கும் இவ்வியாபாரத்தில் சோதனையே இங்குதான் இருக்கிறது. ஏனெனில் ஈரமும் எடைதான். பச்சை மரத்தில் பாதி எடை நீராகவே இருப்பதுண்டு. அத்தகைய மரத்தில் 1,000 கிலோ வாங்கி, ஐந்தில் ஒரு பங்கு மாத்திரம் நீர் எஞ்சும்வரை உலர்த்தினால் கையில் நிற்பது 625 கிலோ. கிலோ 5 ரூபாய்க்கு வாங்கியது, பிளக்கும் கூலியும் இடத்து வாடகையும் சேருமுன்பே 8 ரூபாயாகிவிடுகிறது. இந்தக் கணக்கைப் போடாமல் விலை சொல்லுகிறவன் ஒன்று தான் நஷ்டப்படுவான், அல்லது நீரை விற்பான்.

ஆகையால் நான் தை, மாசியில் கொள்முதலை முடித்து, வந்த வாரத்திலேயே பிளந்துவிடுகிறேன். உருண்டைக் கட்டையின் பட்டை ஈரத்தை உள்ளேயே காத்து வைத்திருக்கும். பிளந்தால்தான் காற்று நுழையும். கோடாலியைக் கணுவின்மேல் போடாமல், முனையில் இயல்பாகவே ஓடியிருக்கும் வெடிப்பைப் பார்த்துப் போட்டால் பாதிப் பிரயாசை குறையும். முரட்டுக் கட்டைக்கு ஆப்பும் சம்மட்டியும் வேண்டும். செங்கல் வரிசையின்மேல் குறுக்கும் நெடுக்குமாக அட்டி போட்டு, மழைக்கு மேற்புறத்தை மட்டும் தார்ப்பாயால் மூடிப் பக்கங்களைத் திறந்துவிட வேண்டும். முழுவதும் மூடினால் உள்ளே புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும். பங்குனி, சித்திரை வெயில் குடித்த கட்டைதான் ஐப்பசி மழையில் விலை போகிறது. அட்டியைக் கலைக்கையில் பட்டைக்கடியில் தேள் இருக்கும்; வெறுங்கையை விடலாகாது.

மரத்துக்கு மரம் குணம் வேறு. புளியும் வேலிக்காத்தானும் நின்று எரிந்து நல்ல கங்கு தரும், தம்முக்கு அவைதான். சவுக்கு சீரான சுவாலை கொடுக்கும். அதன் மிலாறு அடுப்புப் பற்றவைக்க உகந்தது. 1856-இல் இராயபுரத்திலிருந்து அம்பத்தூர், ஆவடி வழியாக வாலாஜாவுக்கு ஓடத் தொடங்கிய ரயில் பாதையின் இன்ஜின்களுக்காகவும்தான் சென்னைக் கடற்கரையோரம் சவுக்குத் தோப்புகள் பெருகின என்பதை எண்ணும்போது, இந்த மரத்தின்மேல் எனக்கு ஒரு தனி மரியாதை உண்டாகிறது. பச்சையிலேயே ஓரளவு பற்றிக்கொள்ளும் அதன் குணந்தான் வியாபாரியை அவசரப்படுத்துகிறது. சவுக்கையும் காயவைத்தே விற்கிறேன். முருங்கை, பப்பாளி இவற்றை வாங்கவே வேண்டாம். மயானத்துக்குப் போகும் கட்டை பருமனாக இருக்கவேண்டும். அங்கே நான் பேரம் பேசுவதில்லை.

சாலையோர மரத்தைக் கொண்டுவந்து தருவதாகச் சொல்லுவோரிடம் ஒருபோதும் வாங்கலாகாது; பட்டா நிலத்து மரமாயினும் சில ஜாதிகளுக்கு வனத்துறையின் அனுமதிச் சீட்டு வேண்டியிருப்பதால், ஏற்றுமுன் கேட்டுத் தெரிந்துகொள்வது நலம். தராசுக்கு முத்திரை தவறக்கூடாது.

அந்த மாஸ்டர் ஒன்றரை வருஷம் கழித்துத் திரும்பி வந்தார். இப்போதும் வண்டியில் ஏற்றுமுன் இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று மோதி, கணீரென்ற ஓசை வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்பார். மந்தமாக ஒலித்ததைத் தள்ளிவிடுவார். சென்ற ஐப்பசியில் அவர் தள்ளியவை மூன்று. அவற்றை எடுத்து அட்டியின் மேல்வரிசையில், வெயில் படும் பக்கமாக, மறுபடி அடுக்கினேன்.