காற்றுப் படுக்கையில் ஓட்டையா? கண்டுபிடிப்பது எப்படி?

பக்கவாதத்தில் விழுந்த மாமியாரை எட்டு மாதமாக வீட்டிலேயே வைத்துக் கவனித்துவரும் மருமகள் ஒருவர் என்னிடம் வந்தார். "ஐயா, அத்தைக்கு இடுப்புக்குக் கீழ செவந்து போயிருக்கு. புண்ணாயிடுமோன்னு பயமா இருக்கு. நல்ல தைலமா ஒண்ணு குடுங்க" என்றார்.

"காற்றுப் படுக்கைதானே போட்டிருக்கீங்க?"

"ஆமாங்க. மோட்டார் ராத்திரி பகலா ஓடுது."

வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. படுக்கைக்கு அடியில் கையை விட்டு, உள்ளங்கையை மேலே பார்த்தபடி வைத்தேன். அந்த அம்மாளின் வால் எலும்பு கையில் இடித்தது. காற்று இல்லை! தைலம் கேட்டவருக்கு நான் கொடுத்தது சோப்புத் தண்ணீர் வைத்தியம்தான்.

இந்தக் கை வைக்கும் சோதனையைத் தினமும் செய்யுங்கள். எலும்புக்கும் கைக்கும் நடுவே ஓர் அங்குலமாவது காற்று மெத்தென்று தாங்க வேண்டும்.

ஒரு விஷயம். இவ்வகைப் படுக்கையில் காற்றறைகள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாறி மாறி உப்பும், தணியும். பாதி அறைகள் தளர்ந்திருந்தால் உடனே ஓட்டை என்று நினைக்காதீர்கள். கால் மணி நேரம் பொறுத்துப் பாருங்கள். அப்போதும் உப்பாத அறையில்தான் கோளாறு.

முதலில் பார்க்க வேண்டியவை

மோட்டாரில் இருந்து குழாயைக் கழற்றி, காற்று வரும் வாயில் விரலை வையுங்கள். சில நிமிடங்கள் பொறுத்தும் காற்று வராவிட்டால் கோளாறு மோட்டாரில். வந்தால், குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா, கட்டில் காலில் நசுங்கியிருக்கிறதா, இணைப்பு தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் வேலை இதோடு முடிந்துவிடும்.

ஓட்டையைத் தேடும் முறை

1. நோயாளியைப் பஞ்சு அல்லது ஃபோம் மெத்தைக்கு மாற்றுங்கள்.

2. படுக்கையைத் தரையில் விரித்துக் காற்றை நிரப்புங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, 'உஸ்' சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். ஈரமான புறங்கையை மெல்ல நகர்த்தினால் காற்று கசியும் இடம் ஜில்லென்று தெரியும்.

3. அகப்படாவிட்டால் மோட்டாரைத் தள்ளி வைத்து, சோப்புத் தண்ணீரைத் துணியில் தொட்டு ஒவ்வோர் அறையாகப் பூசுங்கள். ஓரத் தையல், குழாய் சேரும் இடம் இரண்டையும் விடாதீர்கள். குமிழி தொடர்ந்து வரும் இடம்தான் ஓட்டை. உப்பியிருக்கும் அறையில்தான் குமிழி வரும். எனவே மற்ற அறைகள் உப்பும் வரை காத்திருந்து அவற்றையும் பாருங்கள்.

4. பேனாவால் வட்டம் போடுங்கள். ஒன்று கிடைத்ததும் நிறுத்தாதீர்கள், இன்னொன்றும் இருக்கலாம்.

5. மோட்டாரை அணைத்து, காற்றை இறக்கி, நன்றாகத் துடைத்துக் காயவிட்டு ஒட்டுங்கள். சைக்கிள் பஞ்சர் சொல்யூஷன் ரப்பருக்கானது, பி.வி.சி. படுக்கையில் சரியாகப் பிடிக்காது. பி.வி.சி.க்கான பசையும் அதே வகைத் துண்டும் வேண்டும். ஒரு நாள் முழுக்கக் காயட்டும்.

ஊதுபத்திப் புகையால் ஓட்டை தேடுவது வேண்டாம்; நெருப்பு பட்டால் படுக்கை உருகும். விலை அதிகமான சில படுக்கைகளில் காற்றோட்டத்துக்காகவே நுண் துளைகள் இருக்கும். வாங்கிய கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தைலம் தேய்க்கலாமா?

சித்த வைத்தியனான நானே சொல்கிறேன்: சிவந்த இடத்தை அழுத்தித் தேய்க்காதீர்கள். உள்ளே நசுங்கிய சதை இன்னும் கெடும். விரலால் அழுத்தி எடுத்தபின் சிவப்பு வெளுக்காவிட்டால் அது படுக்கைப்புண்ணின் ஆரம்பம். கறுத்த மேனியில் சிவப்பு தெரியாது. சூடும் கடினமும்தான் அடையாளம். தோல் உரிந்தால், சீழோ காய்ச்சலோ வந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

காற்றுப் படுக்கை இருந்தாலும் இரண்டு மணிக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பது அவசியம். கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்து, குதிகால் எதிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த வீட்டில் ஓட்டைக்குக் காரணம் என்ன தெரியுமா? விரிப்பு நழுவாமல் இருக்க மருமகளே குத்திய ஊக்கு! "நானே கெடுத்துட்டேனே" என்று அழுதுவிட்டார். "நீ பார்த்து வந்து சொன்னதாலதான்மா புண்ணாகலை" என்றேன். ஒட்டுப் போட்டு, நேரம் தவறாமல் புரட்டிப் படுக்க வைத்தார். சில நாளில் சிவப்பு மறைந்தது.

இன்று உங்கள் வீட்டுப் படுக்கைக்கு அடியிலும் ஒருமுறை கையை விட்டுப் பாருங்களேன்!